61 வயதில் பெயர்கள் நழுவுகின்றன. வல்லாரை, பாதாம், மொபைல் ஆப்: எதை நம்புவது?

காவிரிக்கரை (கும்பகோணம்):

வணக்கம். எனக்கு வயது 61. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தபோது கவுண்டருக்கு வருகிறவர் முகத்தைப் பார்த்தாலே கணக்கு எண் வாயில் வரும். யாருடைய நகைக்கடன் எப்போது தவணை முடிகிறது என்று லெட்ஜரைத் திறக்காமலே சொல்வேன். இப்போது எதிர்வீட்டுப் பையன் பெயர் வருவதற்கு அரை நிமிடம் ஆகிறது. மளிகைக் கடைக்கு மூன்று சாமான் வாங்கப் போனால் இரண்டோடு திரும்புகிறேன். போன வாரம் சாரங்கபாணி கோயில் பக்கம் போனவன், வண்டியை எந்தச் சந்தில் விட்டேன் என்று தேடினேன். வண்டி கிடைத்துவிட்டது, மனசுதான் கெட்டுப்போயிற்று.

கவலைக்குக் காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபதுகளின் நடுவில் மறதி நோய் தொடங்கியது. "சாப்பிட்டியா" என்று கேட்பார், பதில் சொன்ன கையோடு மறுபடி கேட்பார். கடைசிக் காலத்தில் என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அது எனக்கும் வந்துவிடுமோ என்பதுதான் பயம்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். மனைவி வல்லாரைத் துவையல் அரைக்கிறாள். மைத்துனர் ஊறவைத்த பாதாமோடு ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை டப்பா ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெங்களூருவில் இருக்கும் மகன் மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டிவிட்டான். அதில் மீன் பிடிக்கிற ஆட்டத்தில் நான் இப்போது பலே கெட்டி. ஆனால் எதிர்வீட்டுப் பையன் பெயர் இன்னும் அரை நிமிடம்தான்.

என் விவரம் சொல்கிறேன். பிரஷருக்கு அம்லோடிபின் 5, ஞாபகம் வந்த நாளில் போடுகிறேன் (சிரிக்காதீர்கள்). சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. தும்மலுக்காக ரொம்ப நாளாக இரவில் ஒரு சளி மாத்திரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதுதான், போட்டால் தூக்கமும் நன்றாக வரும். அப்படியும் பகலில் பேப்பர் படித்தபடியே கண் அசந்துவிடுகிறது. என் குறட்டை தாங்காமல் மனைவி படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். வெற்றிலை போடுவேன், புகையிலை கிடையாது. சிகரெட், மது இல்லை. ராத்திரி ஏழரைக்கு ஒரு டிகிரி காபி இல்லாமல் ஆகாது. மற்றபடி வீட்டில்தான், டிவியும் போனும். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தினமும் ஒரு சண்டை.

இந்த வயதில் எந்தப் பழக்கத்தை மாற்றினால் ஞாபகசக்திக்கு உண்மையிலேயே பலன் கிடைக்கும்? இருபது வரிப் பட்டியல் வேண்டாம், வாட்ஸாப்பில் நிறைய வந்துவிட்டது.


பச்சிலை (ஒரத்தநாடு):

ஐயா, வல்லாரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் முன்னோர் சும்மா சொல்லி வைக்கவில்லை. எங்கள் தாத்தா தினமும் பச்சையாக நாலு இலை மென்றவர், 90 வயதிலும் எந்த வயல் யாருக்கு எத்தனை மா என்று சொல்வார். ஆப்பெல்லாம் காசு பிடுங்குகிற வேலை.


வார்டு சிஸ்டர் (மதுரை):

காவிரிக்கரை சார், உங்கள் கேள்வியை விட்டுவிட்டு "என் விவரம்" என்று எழுதினீர்களே, அந்தப் பத்தியைத்தான் நான் திரும்பப் படித்தேன். பதில் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது. நான் அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள், டாக்டர் இல்லை. மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். பெயர் உடனே வராமல் அப்புறம் வருவது, வண்டியை விட்ட இடம் குழம்புவது, கடையில் ஒரு சாமான் விட்டுப்போவது எல்லாம் அறுபதில் பலருக்கும் உண்டு. கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும். வண்டியில் வந்ததே நினைவில்லாமல் நடந்து வீட்டுக்குப் போவது, வருடக்கணக்காகப் போய்வந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, நேற்று வரை தெரிந்த கணக்குவழக்கில் தடுமாறுவது. இதில் ஒரு வசதி, அப்படி ஆகிறவருக்குப் பெரும்பாலும் தன்னிடம் மாற்றம் இருப்பதே தெரியாது, வீட்டார்தான் கவனிப்பார்கள். ஆகவே உங்கள் மனைவியிடம் கேளுங்கள். "இவர் ஆறு மாதமாக ஆளே மாறிவிட்டார்" என்று அவர்கள் சொன்னால் இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் நரம்பியல் டாக்டரிடம் போய்விடுங்கள். அம்மாவுக்கு எழுபதுகளில் வந்தது என்றால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களை வைத்து 2023ல் வெளிவந்த பெரிய ஆய்வின்படி டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் சொச்சம். மிச்சத் தொண்ணூற்றிச் சொச்சம் பேரும் கண்ணாடியைத் தேடுகிறவர்கள்தான்.

இப்போது டிவி சத்தம். சண்டைக்குக் காரணம் டிவி இல்லை சார், உங்கள் காது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறவற்றில் நம்மால் மாற்றக்கூடியவை எவை என்று பட்டியல் போட்டது. 2020ல் 12, 2024ல் 14. காது கேளாமை, பிரஷர், சுகர், கெட்ட கொழுப்பு, புகை, மது, உடல் பருமன், அசையாமல் உட்கார்ந்திருப்பது, மனச்சோர்வு, ஆள் சேராமல் தனித்திருப்பது, தலையில் அடி, சரிசெய்யாத பார்வைக் குறை, காற்று மாசு, சின்ன வயதில் படிப்பில்லாமை. அத்தனையையும் சரிசெய்தால் உலக அளவில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று கணக்குச் சொன்னார்கள். அது ஊர்க் கணக்கு, ஆள் கணக்கு இல்லை. இதையெல்லாம் செய்தவருக்கு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் நடுவயதில் தொடங்கும் காது மந்தம் அந்தப் பட்டியலில் மேலே நிற்கிறது என்பதை நம் ஆட்கள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. கண் மங்கினால் கண்ணாடி போட வெட்கமில்லை, காது மெஷின் என்றால் மட்டும் கிழவனாகிவிட்டோம் என்று ஒரு ரோஷம்.

நீங்கள் வங்கிக்காரர், உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். பணமே கட்டாத கணக்கிலிருந்து எடுக்க முடியுமா? பையன் பெயரைச் சொன்னபோது பாதிதான் காதில் விழுந்தது என்றால் அது உள்ளேயே போகவில்லை, அப்புறம் தேடி என்ன பயன்? அதோடு, சரியாகக் கேட்காதவர் நாலு பேர் பேசுகிற இடத்துக்குப் போவதைக் குறைத்துவிடுவார். பேச்சு குறைந்தால் மூளைக்கும் வேலை குறைகிறது. 2023ல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் காது மெஷினால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிரஷர், சுகர் மாதிரிச் சிக்கல்கள் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் சிந்தனைத் திறன் குறையும் வேகம் பாதியளவுக்குத் தணிந்தது. அதனால் மெஷினை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். பரிசோதனை செய்யாமல் இருப்பதற்குத்தான் சாக்கு இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுப்பார்கள். முதலில் காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சிலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். விளம்பரம் பார்த்து மெஷின் வாங்காதீர்கள்.

அடுத்தது பிரஷர் மாத்திரை. "ஞாபகம் வந்த நாளில்" என்று எழுதியிருக்கிறீர்கள். வார்டில் பக்கவாதத்தோடு வருகிறவரிடம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் இதே வாக்கியம்தான் வரும். மூளைக்குள் போகும் ரத்தக் குழாய்களில் மயிரிழை அளவு மெல்லியவை ஏராளம். வருடக்கணக்காக அழுத்தம் ஏறியே இருந்தால் அவைதான் முதலில் கெடும். வெளியில் ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019ல் வந்தது. மேல் அளவை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களிடம் டிமென்ஷியாவுக்கு முந்தைய கட்டமான லேசான மறதிப் பாதிப்பு குறைவு. முழு டிமென்ஷியாவைக் குறைத்தது என்று உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், எல்லா உடம்பும் 120ஐத் தாங்காது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாத்திரை அட்டையைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு செய்துகொண்டால் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். 2021லிருந்து நடக்கிறது, உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரைக் கேளுங்கள்.

சளி மாத்திரை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. தூக்கம் வரவைக்கும் பழைய ரகச் சளி மாத்திரைகள், குளோர்பெனிரமைன் மாதிரியானவை, மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். வயதானவர்களுக்கு இதைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள் என்று முதியோர் மருத்துவத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். காலையில் மந்தம், வாய் வறட்சி, மறதி எல்லாம் வரும். டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தும்மலுக்குத் தூக்கம் தராத மாத்திரைகள், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எல்லாம் இருக்கின்றன.

குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். "கொர்" என்று ஏறி, சட்டென்று அமைதியாகி, திணறி மறுபடி தொடங்குகிறதா? மனைவியைக் கூடத்திலிருந்து ஒரு ராத்திரி வந்து கவனிக்கச் சொல்லுங்கள், பாவம். அப்படி இருந்தால் நெஞ்சு நோய்ப் பிரிவில் தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மூச்சுக்கு மெஷின் தருவார்கள். இரவு முழுக்க ஆக்சிஜன் குறைந்து குறைந்து ஏறினால் பிரஷர் இறங்காது, காலையில் தலை தெளியாது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 50, 60 வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. ஏழரை மணி டிகிரி காபியை நாலு மணிக்கு நகர்த்துங்கள். குடித்த காபியின் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். கும்பகோணத்துக்காரரிடம் காபியை நிறுத்தச் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

ரத்தப் பரிசோதனையில் பி12, தைராய்டுக்கு டிஎஸ்எச், மூன்று மாதச் சராசரி சுகர், கொழுப்பு. சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கும் பி12 குறையும். அதனால் வருகிற மறதியை நேரத்தில் கண்டுபிடித்தால் ஊசி, மாத்திரையிலேயே தெளியவைக்கலாம். மகனையே அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்று வீட்டார் அழுதுகொண்டே அழைத்து வந்த பெரியவர் ஒருவர், பி12 ஊசி போட்டபின் வார்டில் எங்களையே அதட்டத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் பரிசோதிக்காமல் "வயசாச்சு" என்று விடுவது பாவம்.

அப்புறம் ஹெல்மெட், தலையில் அடியும் அந்தப் பட்டியலில் இருந்ததே. வண்டி ஓட்டுகிறீர்கள், அது தலையில் இருக்கிறதா, கண்ணாடியில் தொங்குகிறதா?

ஜிங்கோவை 75 வயதுக்கு மேற்பட்ட 3,000 பேரில் பாதிப் பேருக்குக் கொடுத்து வருடக்கணக்கில் பார்த்துவிட்டு, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008லேயே சொல்லிவிட்டார்கள். மைத்துனரிடம் பில் இருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாதாம், வால்நட் நல்ல தின்பண்டம், மிக்சருக்குப் பதிலாக என்றால். வல்லாரைத் துவையலை ரசித்துச் சாப்பிடுங்கள், கீரை கீரைதான். அதை மருந்து என்று நம்பி பிரஷர் மாத்திரையை விட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.


பச்சிலை (ஒரத்தநாடு):

சிஸ்டர், கீரையைத் துவையல் தட்டோடு நிறுத்திவிட்டீர்களே. எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், பலன் இருக்கிறது என்று படித்தேன்.


வார்டு சிஸ்டர் (மதுரை):

எலிக்கு இருக்கலாம் தம்பி. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சின்னவை, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இலையாகச் சாப்பிடுவதில் பயமில்லை. சாற்றை வற்றவைத்துச் செய்யும் மாத்திரைகளில் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, அதனால்தான் தட்டோடு நிறுத்தினேன். உங்கள் தாத்தா வயலில் வேலை செய்தவரா, இல்லை டிவி முன்னால் உட்கார்ந்து இலை மென்றவரா?


பச்சிலை (ஒரத்தநாடு):

85 வரை மடை திறக்கப் போனவர். சரி, சரி.


இடலாக்குடிக்காரன் (நாகர்கோவில்):

ஆப் பற்றி நான் சொல்கிறேன், பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் நினைவுத்திறன் பற்றி வாசிப்பதுண்டு. எங்கள் ஊர்ச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னையில் நூறு விஷயங்களில் ஒரே நேரத்தில் கவனம் வைத்துக் காட்டியவர். முதுகில் எறியும் கற்களின் எண்ணிக்கை, மணியோசையின் எண்ணிக்கை, நடுவில் ஒருவர் கொடுக்கும் ஈற்றடிக்கு வெண்பா என்று அவதானத்தில் வகைவகையாக இருக்கும். சின்ன வயதில் நான் அதைப் பிறவி மூளை என்று நினைத்தேன். அவதானிகள் வருடக்கணக்காக அந்தந்த வகையைத் தனித்தனியாகப் பழகுகிறார்கள். கல் எண்ணப் பழகினால் கல் எண்ண வரும். அந்தப் பழக்கம் சாவியைத் தேடித் தராது.

ஆப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேருக்கு நினைவு, தர்க்கம், வேகம் என்று தனித்தனிக் குழுவாகப் பயிற்சி கொடுத்தார்கள். எதைப் பழகினார்களோ அதில் தேறினார்கள். தர்க்கமும் வேகமும் பழகிய குழுக்களுக்குப் பத்து வருடம் கழித்தும் அந்தத் தேர்ச்சியில் கொஞ்சம் நின்றது. பழகாத வேறு திறனுக்கு அது பெரிதாகத் தாவவில்லை. நீங்கள் மீன் பிடிப்பதில் கெட்டியானதும் பையன் பெயர் வராததும் ஒத்துப்போகிறதா?

பெயர் வேண்டுமென்றால் பெயரையே பழகுங்கள். அறிமுகமானதும் அவர் பெயரைச் சொல்லியே ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பார்க்காமல் நினைவுகூருங்கள், ராத்திரி மறுபடி, இரண்டு நாள் கழித்து மறுபடி. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து இழுத்து எடுப்பதுதான் நாள்பட நிற்கிறது. மாணவர்களிடம் 2006ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். படித்த ஐந்தாவது நிமிடம் பார்த்தால் திரும்பப் படித்தவர் ஜெயிப்பார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எழுதிப் பார்த்தவர் ஜெயிப்பார். மளிகைக்கும் இதே வழி: மனதில் ஒரு பட்டியல், சட்டைப்பையில் ஒரு சீட்டு. கடையை விட்டுக் கிளம்பும் முன்தான் சீட்டைப் பார்க்க வேண்டும்.

சாவி, கண்ணாடி, போன் மூன்றையும் பழகி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாசலில் ஓர் ஆணி, ஒரு டப்பா போதும். அதற்கு மூளையைச் செலவழிப்பது வீண்.

புதிதாக எதையாவது கற்கவேண்டும் என்றால் ஆப்பைவிட மொழி நல்லது என்பது என் எண்ணம். 2013ல் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டிமென்ஷியா வந்த 648 பேரைப் பார்த்தபோது, ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. அவர்கள் வாழ்நாள் முழுக்க இரண்டு மொழியில் புழங்கியவர்கள். 61ல் கன்னடம் கற்றால் அதே பலன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெங்களூரு போனால் ஆட்டோக்காரரிடம் பேசலாம், மூளைக்கும் வேலை, பர்சுக்கும் நல்லது.


காவிரிக்கரை (கும்பகோணம்):

சிஸ்டர், எழுதியதை மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "உங்கள் காது" என்ற இடத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சைவம்தான். ஹெல்மெட் கண்ணாடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி, பையன் பெயர் நவீன். நேற்றிரவு பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

நடைப்பயிற்சி பற்றி யாரும் சொல்லவில்லையே. முழங்கால் வலி இருக்கிறது, மகாமகக் குளத்தை ஒரு சுற்று வந்தாலே பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு நடந்தால் மூளைக்குப் பலன்?


கோவை பிசியோ (கோயம்புத்தூர்):

அங்கிள், நான் பிசியோதெரபிஸ்ட், முழங்கால்தான் என் தினசரி வேலை. தினம் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். 2011ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், உட்கார்ந்தே இருந்த 120 முதியவர்களைப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் வரை நடந்தது. மறு பாதி கைகால் நீட்டுகிற லேசான பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து ஸ்கேன் பார்த்தால் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெரிதாகியிருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான். இதைவிட முக்கியமானது, நடக்கிறவருக்குப் பிரஷர், சுகர், தூக்கம், மனசு நான்கும் ஒரு சேர மேம்படும் என்பது.

முழங்காலுக்கு: முதலில் நடக்காதீர்கள், உட்கார்ந்து எழுங்கள். கை வைக்காத உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது. பத்து தடவை, காலையும் மாலையும். தொடை முன்தசை பலமானால் மூட்டின் மேல் பாரம் குறையும். இரண்டு மூன்று வாரம் இதைச் செய்துவிட்டுப் பத்து நிமிட நடையில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் கணக்கு. குளக்கரைக் கல்தளத்தில் செருப்போடு வேண்டாம், நல்ல ஷூ போடுங்கள். முழங்கால் வீங்கினாலோ இரவில் வலித்தாலோ நிறுத்திவிட்டு மூட்டு டாக்டரைப் பாருங்கள்.

தனியாக நடக்காமல் வங்கியில் கூட இருந்தவர் யாரையாவது பிடியுங்கள். சிஸ்டர் பட்டியலில் தனிமையும் இருந்ததே, ஒரே வேலையில் இரண்டும் கழியும்.

ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேரை இரண்டு வருடம் பார்த்த ஆய்வும் (2015) இதையேதான் சொல்கிறது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சுகர் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தவர்கள், வெறும் பொது ஆலோசனை மட்டும் கேட்டவர்களைவிடச் சோதனைகளில் கொஞ்சம் முன்னேறினார்கள். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் நான்கும் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டில் உங்களுக்கு முதல் எதிரி ஊறுகாயும் அப்பளமும்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தயிர்சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய் இரண்டு தடவை போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.


காவிரிக்கரை (கும்பகோணம்):

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். காதில் குறும்பி எடுத்தார்கள், அப்படியும் இரண்டு காதிலும் கூர்மையான ஒலிகள் குறைவாகவே கேட்கின்றன என்று ஆடியோகிராம் சொல்கிறது. மெஷின் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் மனசு வரவில்லை. பி12 குறைவுதான், ஆனால் பயப்படும் அளவு இல்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தைராய்டு சரி. சளி மாத்திரை மாறிவிட்டது. முதல் வாரம் தூக்கமே வரவில்லை, திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். இப்போது காலையில் தலை லேசாக இருக்கிறது. தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியாயிற்று. பழைய கிளை மேலாளரோடு மாலையில் நடக்கிறேன், அவருக்கு என்னைவிட மறதி, அதில் ஒரு சந்தோஷம்.

பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. பிரஷர்தான் குழப்புகிறது. கிளினிக்கில் 158க்கு 94. வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கினேன், அது காலையில் ஒன்று சொல்கிறது, பத்து நிமிடம் கழித்து வேறொன்று சொல்கிறது. எதை டாக்டரிடம் சொல்வது?


வார்டு சிஸ்டர் (மதுரை):

இரண்டையும் சொல்லுங்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், டிவி இல்லாமல், காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கால் மேல் கால் போடக்கூடாது. பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வையுங்கள். அளக்கும்போது பேசக்கூடாது, மனைவி கேள்வி கேட்டாலும். முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள், எதில் அதிகமோ அந்தக் கைதான் இனி எப்போதும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை, காலையில் மாத்திரைக்கு முன்னும் இரவு படுக்கும் முன்னும், ஒரு வாரம். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதி, மெஷினையும் கையோடு எடுத்துப் போய் கிளினிக் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் என்றைக்காவது 180ஐத் தாண்டினால் ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதோடு நெஞ்சுவலி, வாய் கோணல், கைகால் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் 108.

காது மெஷினை முதலில் வீட்டில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுப் பழகுங்கள், பாத்திரச் சத்தமெல்லாம் எரிச்சலாக இருக்கும். சரியாகச் சில வாரம் பிடிக்கும். கடைத்தெருவுக்கு அப்புறம் போட்டுக்கொண்டு போகலாம்.